கிரைசாந்திமம் பேரினம்: சாமந்தியின் வகைப்பாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமந்தியின் அறிவியல் பெயரைத் தேடுகிறவர், ஒரே செடிக்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குவதைக் கண்டு திகைப்பது இயல்பு. ஒரு நூலில் கிரைசாந்திமம் இண்டிகம் என்றிருக்கும். இன்னொன்றில் கிரைசாந்திமம் மோரிஃபோலியம் என்றிருக்கும். தோட்டக்கலைக் கையேட்டைப் புரட்டினால் டெண்ட்ராந்திமா கிராண்டிஃபுளோரா என்று காணப்படும். இந்தக் குழப்பத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்தச் செடி எந்தச் செடிக்கு உறவு என்பது ஒன்று. அந்த உறவுக் கூட்டத்துக்கு எந்தப் பெயர் உரியது என்பது மற்றொன்று. முதலாவதற்குச் செடியும் அதன் மரபணுவும் விடை சொல்லும். இரண்டாவதற்குப் பெயரிடல் விதிகளே விடை சொல்லும். இவ்விரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

தாவர உலகில் சாமந்தி எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளது?

சாமந்தி, அல்லது செவ்வந்தி, ஆஸ்டரேசி என்னும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பத்தில்தான் கரிசலாங்கண்ணியும், வெட்டுக்காயப் பூண்டும், தரிசு நிலமெங்கும் பரவிக் கிடக்கும் பார்த்தீனியமும் அடங்குகின்றன. குடும்பம் இவ்வளவு பெரியதாக இருப்பதால், குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவே குலம், துணைக்குலம் என்ற இரண்டு அடுக்குகளைத் தாவரவியலாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அடுக்குகளில் கிரைசாந்திமம் பேரினம் ஆந்தமிடியே குலத்திலும், அதற்குள் ஆர்ட்டிமிசினே துணைக்குலத்திலும் இடம்பெறுகிறது. கசக்கினால் மணம் வீசும் இலைகள் இக்குலத்தில் பரவலாகக் காணப்படும் இயல்பு.

இன்றைய குறுகிய வரையறையின்படி இப்பேரினத்தில் சுமார் 40 சிற்றினங்கள் உள்ளன. அவற்றின் இயற்கை வாழிடம் பெரும்பாலும் சீனா, ஜப்பான், கொரியா, மங்கோலியா, ரஷ்யாவின் கிழக்குப் பகுதிகள் ஆகியவை. சாவட்ஸ்கியை என்ற ஒரு சிற்றினம் மட்டும் கிழக்கு ஐரோப்பிய மலைகள் வரை எட்டுகிறது.

நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் ஒரே பூதானா?

இல்லை, அது ஒரு மஞ்சரி. பாடநூல்கள் இதைத் தலைமஞ்சரி அல்லது சிரமஞ்சரி என்று குறிப்பிடும். காட்டுச் சாமந்தி ஒன்றை எடுத்துப் பார்த்தால், வெளிவட்டத்தில் இதழ் போல நீண்டிருப்பவை ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். அவை சூலகம் மட்டுமே கொண்ட பெண்மலர்கள். நடுவில் மஞ்சளாக நெருங்கியிருப்பவை குழல் வடிவமுள்ள வட்டத்தட்டுச் சிறுமலர்கள். அவை இருபால் மலர்கள். இரண்டு வகைச் சிறுமலர்களும் ஒரே பூத்தளத்தின் மேல் அமர்ந்திருக்க, அடியில் பச்சைச் செதில்கள் பல அடுக்காக அவற்றைத் தாங்குகின்றன.

சந்தையில் கிடைக்கும் அடர்த்தியான சாமந்தியில் வட்டத்தட்டுச் சிறுமலர்கள் கண்ணுக்கே படாமல் போவதற்குக் காரணம், பல நூற்றாண்டுத் தேர்வினால் அவற்றில் பெரும்பாலானவை கதிர்ச் சிறுமலர்களாக உருமாறியிருப்பதுதான். ஆகவே பயிர்ச் சாமந்தியின் பூவை மட்டும் வைத்து இப்பேரினத்தின் இலக்கணத்தைக் கற்க முற்படுவது சரியாகாது. காட்டு இனத்தின் படத்தையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரினத்தை அடையாளம் காண எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும்?

பூவின் நிறத்தையும் அளவையும் விட, விதை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சிறு உலர்கனியே இங்கு நம்பத்தக்க சான்று. கிரைசாந்திமத்தின் கனி சிறியது. மெல்லிய வரிகள் உடையது. உச்சியில் பப்பஸ் எனப்படும் தூவிகளோ, விளிம்பு போன்ற சவ்வோ இல்லாதது. ஒரு காலத்தில் இதே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த மத்தியதரைக் கடல் பகுதிச் செடிகளில், கதிர்ச் சிறுமலரின் கனி முப்பட்டையாகவும் சிறகு விளிம்புடனும் இருக்கும். தட்டுச் சிறுமலரின் கனி வேறு வடிவில் இருக்கும். இப்பேரினத்திலிருந்தே பிரிந்த லூகாந்திமம் என்ற பேரினத்தின் கனியில் பத்து வரிகள் தெளிவாகத் தெரியும். அதே போலப் பிரிந்த டனசீட்டம் என்ற பேரினத்தின் கனிகளில் பெரும்பாலும் உச்சியில் ஒரு சிறு சவ்வு மகுடம் காணப்படும்.

வெளித்தோற்றத்தில் இவை அனைத்தும் நடுவில் மஞ்சளும் சுற்றிலும் வெள்ளையோ மஞ்சளோ கொண்ட டெய்சிப் பூக்கள்தாம். கனியின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கிய பிறகே இவற்றைத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

லின்னேயஸ் இப்பேரினத்தை எப்படி அமைத்தார்?

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் கிரைசாந்திமம் என்ற பெயரை வழங்கியபோது, அதன் கீழ் ஐரோப்பிய வயல்வெளிச் செடிகளையும் கிழக்காசியச் செடிகளையும் சேர்த்தே வைத்தார். கிரேக்கத்தில் பொன்மலர் என்று பொருள்படும் அப்பெயரின் கீழ் மத்தியதரைக் கடலோரத்தின் கொரொனேரியம், கோதுமை வயல்களில் களையாக வளரும் செகெட்டம், வெள்ளைக் கதிர்களைக் கொண்ட லூகாந்திமம், கிழக்கிலிருந்து அறியவந்த இண்டிகம் ஆகியவை ஒன்றாக இடம்பெற்றன. கதிர்மலர் உண்டு, தூவி இல்லை, பூத்தளத்தில் செதில் இல்லை, பூவடிச் செதில்களின் விளிம்பு சவ்வு போன்றது என்பவை போன்ற சில பண்புகளே ஒரு செடி இதில் சேரப் போதுமானவையாக இருந்தன.

அன்றைய அறிவுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இல்லாத பண்புகளைக் கொண்டு அமைக்கப்படும் கூட்டத்தில் ஓர் ஆபத்து உண்டு. தூவியை இழப்பது வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கக்கூடும். இழந்தவை எல்லாம் ஒரே வழி வந்தவை என்று அதனால் ஆகிவிடாது.

அந்தப் பெரிய பேரினம் ஏன் உடைந்தது?

உடைப்பு ஒரே நாளில் நிகழவில்லை. பிரெஞ்சுத் தாவரவியலாளர் கஸ்ஸினி 1826இலேயே கிளெபியோனிஸ் என்ற பேரினத்தைத் தனியே பிரித்தார்; 1844இல் ஷுல்ட்ஸ் பைப்பொன்டினஸ் இக்கூட்டத்தை மேலும் பல பேரினங்களாக்கினார். ஆனால் தோட்டக்காரர்களும் பெரும்பாலான தாவர நூல்களும் அவற்றைப் பொருட்படுத்தாமல் பழைய அகன்ற கிரைசாந்திமத்தையே நெடுங்காலம் பயன்படுத்திவந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கனியமைப்பு, குரோமோசோம், வேதிப்பொருள் ஆகியவற்றின் சான்றுகள் சேரச் சேர, அந்த அகன்ற பேரினம் ஓர் இயற்கையான கூட்டம் அல்ல என்பது உறுதிப்பட்டது. 1993இல் பிரெமரும் ஹம்ஃப்ரீஸும் ஆந்தமிடியே குலம் முழுவதையும் ஆராய்ந்து வெளியிட்ட தொகுப்பில் உடைந்த வடிவமே முறையான வகைப்பாடாக நிலைபெற்றது. அதன் பின் வந்த டி.என்.ஏ. ஆய்வுகளின் அடிப்படையில் 2007இல் ஓபர்பிரீலர் குழுவினர் குலத்தை 14 துணைக்குலங்களாகத் திருத்தி அமைத்தபோது, லின்னேயஸ் ஒன்றாக வைத்த செடிகள் ஒன்றுக்கு மேற்பட்ட துணைக்குலங்களில் போய்ச் சேர்ந்திருந்தன.

டெண்ட்ராந்திமா என்ற பெயர் எப்படி வந்தது? பிறகு ஏன் கைவிடப்பட்டது?

இதுவே எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தாவரப் பெயரிடலில் ஒவ்வொரு பேரினப் பெயருக்கும் ஒரு வகைமாதிரிச் சிற்றினம் உண்டு. பேரினத்தை எத்தனை துண்டுகளாக வெட்டினாலும், அந்த வகைமாதிரி எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்கே பழைய பெயர் உரியது; மற்றத் துண்டுகளுக்கு வேறு பெயர் தேட வேண்டும். முளையில் கட்டிய மாடு போல, பெயர் அந்த ஒரு சிற்றினத்தைச் சுற்றியே நிற்கும். கிரைசாந்திமம் என்ற பெயருக்கு வகைமாதிரியாகக் கொள்ளப்பட்டிருந்தது கொரொனேரியம் என்ற மத்தியதரைக் கடற்பகுதிச் செடி. ஆகவே பேரினம் உடைந்தபோது, விதிப்படி கிரைசாந்திமம் என்ற பெயர் அந்தச் செடியோடும் அதன் ஓரிரு உறவினரோடும் ஒதுங்கிக்கொண்டது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்கப்படும் சாமந்தி அந்தப் பெயரை இழந்து நின்றது.

இழந்த இடத்தை நிரப்ப ஒரு பழைய பெயர் இருந்தது. சுவிஸ் தாவரவியலாளர் கந்தோல் ஒரு உட்பிரிவின் பெயராகப் பயன்படுத்திய டெண்ட்ராந்திமாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தே மூலேன் பேரினமாக உயர்த்தியிருந்தார். 1961இல் சோவியத் தாவரவியலாளர் ட்ஸ்வெலெவ் கிழக்காசியச் சாமந்திகளுக்கு அப்பெயரை மீட்டெடுத்தார். 1978இல் ஜப்பானின் கிடமுரா பயிர்ச் சாமந்திக்கு டெண்ட்ராந்திமா கிராண்டிஃபுளோரம் என்ற பெயரை அமைத்தார். விதியின் கண்ணில் இதில் பிழையே இல்லை. 1980களிலும் 1990களிலும் எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்கள் இதை நேர்மையாக ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டு வேளாண் கையேடுகளில் அப்பெயர் இன்றும் தென்படுவது அந்தக் காலத்தின் எச்சமே. (அவற்றில் கிராண்டிஃபுளோரா என்று எழுதப்படுவது இலக்கணப்படியும் சரியன்று, மா என முடியும் அந்தக் கிரேக்கப் பெயர் அஃறிணைப் பாலாகக் கருதப்படுவதால் கிராண்டிஃபுளோரம் என்பதே பொருந்தும்.)

ஆனால் மலர் வணிகர்களும் சாமந்தி வளர்ப்போர் சங்கங்களும் மாற்றத்தை ஏற்கத் தயங்கினார்கள். தோட்டத் தாவரப் பெயர்களில் வல்லவரான பியர்ஸ் டிரஹேன் 1995இல் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். கிரைசாந்திமம் என்ற பெயரின் வகைமாதிரியைக் கொரொனேரியத்திலிருந்து இண்டிகத்துக்கு மாற்றி, அப்பெயரைக் காப்புப் பெயராக அறிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெயரிடல் விதிகளிலேயே இதற்கு இடம் உண்டு: விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் பெருங்குழப்பம் விளையும் என்ற நிலையில், விலக்கு அளிக்கும் ஏற்பாடு அது. தாவரப் பெயரிடலுக்கான குழு முன்மொழிவை ஆராய்ந்து பரிந்துரைத்தது. 1999இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அதற்கு இசைவு தந்தது. அதன்படி இண்டிகம் வகைமாதிரி ஆனது. சாமந்தி மறுபடியும் கிரைசாந்திமம் ஆனது. டெண்ட்ராந்திமா அதற்கு இணைப்பெயராகத் தாழ்ந்தது. பெயரை விட்டுக்கொடுக்க வேண்டிவந்த கொரொனேரியமும் செகெட்டமும் கஸ்ஸினியின் கிளெபியோனிஸுக்குள் சென்றன.

வகைப்பாட்டை வாக்கெடுப்பால் தீர்மானிப்பது அறிவியலுக்கு ஏற்றதா?

மாநாடு தீர்மானித்தது பெயரை மட்டுமே. கிழக்காசியச் சாமந்திகளும் மத்தியதரைக் கடற்பகுதிச் செடிகளும் வெவ்வேறு கிளைகள் என்ற முடிவை எந்த வாக்கும் தொடவில்லை; 1999க்கு முன்பும் பின்பும் அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கிளைகளில் எதற்கு எந்தப் பெயர்ப்பலகை என்பதில் மட்டும் இடமாற்றம் நிகழ்ந்தது.

டிரஹேனின் வாதத்தை நான் ஏற்கிறேன். மாறாத விதிக்காகப் பெரும் பயிர் ஒன்றின் பெயரை எல்லாப் பட்டியல்களிலும் மாற்றுவதைவிட, சில சிற்றினங்களே உள்ள ஒரு கூட்டத்தின் பெயரை மாற்றுவது குறைந்த சேதம். இதற்கு மாறான கருத்தும் உண்டு: வணிகத்தின் வசதிக்காக விதி வளைக்கப்பட்டது என்று முணுமுணுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெயர்கள் நிலையாக இருக்க வேண்டும் என்பதே அந்த விதிகளின் நோக்கம் என்பதால், விலக்கும் அதே நோக்கத்துக்குத்தான் பணி செய்திருக்கிறது.

முன்பு கிரைசாந்திமம் என்று அழைக்கப்பட்ட மற்றச் செடிகள் இப்போது எந்தெந்தப் பெயரில் உள்ளன?

பழைய நூல்களைப் படிக்கிறவருக்கு இது அவசியமான தகவல். ஜப்பானியர் சுங்கிக்கு என்றும் சீனர் தோங் ஹோ என்றும் கீரையாகச் சமைக்கும் செடி இப்போது கிளெபியோனிஸ் கொரொனேரியா. ஐரோப்பியப் புல்வெளிகளின் வெள்ளை டெய்சி லூகாந்திமம் வல்காரே. லூதர் பர்பேங்க் கலிஃபோர்னியாவில் கலப்பு செய்து 1901இல் அறிமுகப்படுத்திய சாஸ்தா டெய்சியும் அதே லூகாந்திமம் பேரினம்தான். கேனரித் தீவுகளிலிருந்து வந்து தொட்டிகளில் புதராக வளர்க்கப்படும் மார்கரீட் டெய்சி ஆர்கிராந்திமம். மொராக்கோவின் மூவண்ணப் பூ இஸ்மேலியா. ஜப்பானியக் கடற்கரையில் வளரும் தடித்த இலைச் செடி நிப்போனாந்திமம்.

இவற்றில் பொருளாதார முக்கியத்துவம் மிக்கது டனசீட்டம் சினரேரிஃபோலியம். பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லி இதன் உலர்ந்த பூவிலிருந்தே கிடைக்கிறது. குரோஷியாவின் டால்மேஷியக் கரையைத் தாயகமாகக் கொண்ட இச்செடி பின்னர் கென்யாவிலும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் பெரும்பயிரானது. கொசுவத்திச் சுருள் முதன்முதலில் ஜப்பானில் செய்யப்பட்டபோது இதன் பொடியே மூலப்பொருள். பழைய நூல்களில் இது கிரைசாந்திமம் சினரேரிஃபோலியம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தோட்டச் சாமந்தியைக் காயவைத்துக் கொளுத்தினால் கொசு ஓடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெயர் ஒன்றாக இருந்த காலத்திலும் செடிகள் வேறுதான்.

அப்படியானால் சாமந்திக்கு உண்மையில் நெருங்கிய உறவு எது?

மரிக்கொழுந்து இருக்கும் பேரினம். இதைச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள்.

மரிக்கொழுந்து ஆர்ட்டிமிசியா பேரினத்தைச் சேர்ந்தது, மாசிபத்திரியும் அப்பேரினமே. ஆர்ட்டிமிசியாவின் பூக்கள் மிகச் சிறியவை, மங்கிய நிறத்தவை, கதிர்ச் சிறுமலர் அற்றவை. அவற்றுள் பெரும்பாலானவை பூச்சியை எதிர்பாராமல் காற்றில் மகரந்தத்தைத் தூவுகின்றன. தோற்றத்தை வைத்துப் பார்த்தால் சாமந்திக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் டி.என்.ஏ. ஒப்பீடுகள் இவ்விரண்டு பேரினங்களையும் ஒரே துணைக்குலத்தில் அருகருகே வைக்கின்றன. அச்சில் வார்த்தது போலச் சாமந்தியை ஒத்த முகமுடைய கிளெபியோனிஸ் வேறு துணைக்குலத்தில், ஆர்கிராந்திமத்தோடும் இஸ்மேலியாவோடும் இருக்கிறது. பூக்கடையில் சாமந்தியோடு மரிக்கொழுந்தையும் இடையிட்டுத் தொடுக்கும் சரத்தில், வகைப்பாட்டு நூல் கூறும் உறவினர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பவருக்கு இந்த உறவு அவ்வளவு வியப்பாக இராது.

இதிலிருந்து தெரியவருவது, டெய்சி முகம் என்பது ஆந்தமிடியே குலத்தில் தொன்மையான, பரவலான பண்பு. அதை வைத்திருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. காற்றால் மகரந்தச் சேர்க்கை பெறும் வழிக்கு மாறிய கிளை அந்த முகத்தை இழந்துவிட்டது. சாமந்திக் கிளை வைத்துக்கொண்டது.

அஜேனியாவும் கிரைசாந்திமமும் ஒன்றா, வேறா?

இன்று விவாதம் நடப்பது இந்த எல்லையில்தான். அஜேனியா என்பது கிழக்கு, நடு ஆசியாவில் வளரும், கதிர்ச் சிறுமலர்கள் இல்லாத சிறு மஞ்சள் தலைகளைக் கொண்ட பேரினம். அலங்காரச் செடியாக வளர்க்கப்படும் ஜப்பானியக் கடற்கரைச் செடி ஒன்று, இலையின் ஓரத்தில் வெள்ளிக் கோடு தீட்டியது போலத் தோன்றும். அது கிரைசாந்திமம் பசிஃபிகம் என்றும் அஜேனியா பசிஃபிகா என்றும் இரு பெயர்களிலும் வழங்குகிறது. அதைச் சாமந்தியோடு கலந்தால் கலப்பினங்கள் உண்டாகின்றன. டி.என்.ஏ. ஒப்பீட்டைக் கொண்டு வரையப்படும் உறவு மரங்களில் அஜேனியாவின் சிற்றினங்கள் சில கிரைசாந்திமத்தின் நடுவிலேயே வந்து அமர்கின்றன. கதிர்மலர் உண்டா இல்லையா என்ற ஒரே பண்பை வைத்து வரையப்பட்ட கோடு உறவுக்கோட்டோடு பொருந்தவில்லை என்பது இதனால் தெளிவு. ஆனாலும் முழுவதையும் இணைப்பதா, ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதா என்பதில் ஆசிரியர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இணைத்தால் எந்தப் பெயர் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை: கிரைசாந்திமமே மூத்த பெயர், அதுவும் காக்கப்பட்ட பெயர்.

இண்டிகம், மோரிஃபோலியம், கிராண்டிஃபுளோரம் ஆகியவற்றுள் பயிர்ச் சாமந்தியின் பெயர் எது?

இண்டிகம் என்பது சிறிய மஞ்சள் பூக்களையுடைய ஒரு காட்டுச் சிற்றினம். லின்னேயஸ் காலத்தில் இந்தியா என்ற சொல் கீழை நாடுகளைப் பொதுவாகச் சுட்டுவதாக இருந்தது. எனவே அப்பெயரைக் கொண்டு சாமந்தி இந்தியாவில் தோன்றிய பயிர் என்று முடிவு செய்யக் கூடாது. பயிர்ச் சாமந்தியை இண்டிகம் என்று எழுதுவது மிகப் பரவலான வழக்கம் என்றாலும், அது சரியன்று.

மோரிஃபோலியம், கிராண்டிஃபுளோரம் ஆகிய இரண்டும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ரமத்துவேல் 1792இல் எழுதியவற்றிலிருந்து வருகின்றன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1789இல், பிளங்கார் என்ற வணிகர் சீனாவிலிருந்து மார்செய்லுக்குக் கொண்டுவந்த செடிகளில் ஊதா நிறப் பூவுடைய ஒன்றே பிழைத்தது. ஐரோப்பியர் பெரும்பூச் சாமந்தியை அறிந்துகொண்டது அதன் வழியாகத்தான். முசுக்கொட்டை இலை போன்ற இலை என்று பொருள்படும் மோரிஃபோலியமே இன்று பெரும்பாலோர் ஏற்கும் பெயர். கலப்பினம் என்பதைக் காட்டப் பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் இடையே ஒரு பெருக்கல் குறி இடுவது முறை: கிரைசாந்திமம் × மோரிஃபோலியம்.

அது எந்தெந்தச் சிற்றினங்களின் கலப்பு?

ஒரே ஒரு கலப்பில் பிறந்தது என்று சொல்ல முடியாத பயிர் இது. இண்டிகம், வெஸ்டிட்டம், லாவண்டுலிஃபோலியம், நான்கிங்கென்ஸ், சாவட்ஸ்கியை ஆகிய காட்டினங்கள் வெவ்வேறு அளவில் பங்களித்திருக்கின்றன என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. சீனத் தோட்டக்கலை அறிஞர் சென் ஜுன்யூ இத்தகைய காட்டினங்களை ஒன்றோடொன்று கலந்து, பழங்காலச் சாமந்தியை ஒத்த செடிகளைப் பெற முயன்றவர்.

குரோமோசோம் எண்ணிக்கையும் இதே கதையைச் சொல்கிறது. இப்பேரினத்தின் அடிப்படை எண் 9. நான்கிங்கென்ஸ், லாவண்டுலிஃபோலியம் ஆகியவை 18 குரோமோசோம்கள் கொண்ட இருமயச் செடிகள். இண்டிகத்தில் 36 கொண்ட நான்மயச் செடிகள் பரவலானவை. வெஸ்டிட்டம் 54 கொண்ட அறுமயம். பயிர்ச் சாமந்தி பெரும்பாலும் 54ஐச் சுற்றியே இருக்கும். ஆனால் ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ உள்ள ரகங்கள் ஏராளம். விதையால் பயிரை நம்பிப் பெருக்க முடியாமல், வேர்க்கன்றுகளையும் நுனித் தண்டுகளையும் நட்டே உழவர்கள் பெருக்குவதற்கு இந்தக் கலவை மரபும் ஒரு காரணம். மரபணுத்தொகுப்பை வாசிப்பதற்கும் இது பெரும் தடையாக இருந்தது. முதலில் 2018இல் எளிய இருமயச் செடியான நான்கிங்கென்ஸின் தொகுப்பு வெளியானது; அறுமயப் பயிர்ச் சாமந்தியின் தொகுப்பு 2023இல்தான் வந்தது.

துலுக்கச் சாமந்தியும், ஆஸ்டரும், சீமைச் சாமந்தியும் இப்பேரினமா?

மூன்றும் அல்ல.

கேந்தி, செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று ஊருக்கொரு பெயரில் வழங்கும் பூ டஜீட்டஸ் பேரினம். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அது வேறு குலத்தைச் சேர்ந்தது. பிரித்தறிவது எளிது. கேந்தியின் பூவடிச் செதில்கள் ஒன்றாக இணைந்து ஒரு கிண்ணம் போல ஆகியிருக்கும், அதில் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிகளாகத் தெரியும். சாமந்தியின் செதில்கள் தனித்தனியாக அடுக்கடுக்காக இருக்கும். சந்தையில் ஆஸ்டர் என்று விற்கும் பூ காலிஸ்டெஃபஸ் சைனென்சிஸ். அதுவும், ஐரோப்பாவின் உண்மையான டெய்சியான பெல்லிசும் ஆஸ்டரியே குலம். சீமைச் சாமந்தி மட்டும் ஆந்தமிடியே குலத்துக்குள் வருகிறது. ஆனால் அதன் பேரினம் மெட்ரிகேரியா.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குளிர்பானமாக விற்கப்படும் சாமந்தித் தேநீர் மெய்யான கிரைசாந்திமப் பூவிலிருந்து செய்யப்படுவதே. ஐரோப்பியரின் சீமைச் சாமந்தித் தேநீரோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மலர்க்கண்காட்சிகளில் பேசப்படும் வகுப்புகள் தாவரவியல் வகைப்பாடா?

அல்ல, அது பூவின் வடிவத்தை மட்டும் பார்க்கும் தோட்டக்கலை வகைப்பாடு. அமெரிக்கத் தேசியச் சாமந்திச் சங்கம் 13 வகுப்புகளை வைத்திருக்கிறது: இதழ்கள் உள்நோக்கி வளைந்து பந்தாகக் குவிபவை, வெளிநோக்கிச் சரிபவை, சிறு உருண்டையானவை, ஒற்றையடுக்கு, நடுத்தட்டு மெத்தையாக எழும்பியவை, நுனி கரண்டி போன்றவை, குழல் போன்றவை, சிலந்திக் கால் போல நீண்டு சுருள்பவை என்றெல்லாம் அது பிரிக்கிறது. ஒரே தாய்ச்செடியின் விதையில் முளைத்த இரண்டு கன்றுகள் இரு வெவ்வேறு வகுப்புகளில் அடங்கக்கூடும். ஒரே செடியின் ஒரு கிளையில் மொட்டு மாற்றம் நிகழ்ந்து வேறு நிறப் பூ தோன்றுவதும் சாமந்தியில் அடிக்கடி நடப்பதே. எனவே இவ்வகுப்புகள் உறவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நடுவர்கள் ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிட உதவுகின்றன, அவ்வளவுதான்.

நீலச் சாமந்தி தனிச் சிற்றினமா?

இல்லை. இப்பேரினத்தில் இயற்கையாக நீல நிறம் கிடையாது. 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கேம்பனுலா என்ற மணிப்பூச் செடியின் மரபணு ஒன்றையும் நம் வேலிகளில் படரும் சங்குப்பூவின் மரபணு ஒன்றையும் பயிர்ச் சாமந்திக்குள் செலுத்தி நீலப் பூவைப் பெற்றனர். மரபணு மாற்றம் செய்யப்பட்டாலும் அது கிரைசாந்திமம் × மோரிஃபோலியமே.

பெயர்ப்பலகையிலும் ஆய்வேட்டிலும் ரகத்தின் பெயரை எப்படி எழுத வேண்டும்?

ரகங்களின் பெயருக்குத் தனி விதித்தொகுப்பு உண்டு. மேலே குறிப்பிட்ட டிரஹேன்தான் அதன் 1995ஆம் ஆண்டுப் பதிப்பின் முதன்மைப் பதிப்பாசிரியர். அதன்படி ரகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மஞ்சள் நிற ரகத்தைக் குறிப்பிடுவதானால், கிரைசாந்திமம் × மோரிஃபோலியம் ‘கோ 1’ என்று எழுதலாம். சிற்றினக் கலப்பின் பெயரில் ஐயம் இருந்தால் கிரைசாந்திமம் ‘கோ 1’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதையும் விதி அனுமதிக்கிறது. மூதாதையர் இன்னதென்று உறுதிப்படாத ரகங்களுக்கு அதுவே பாதுகாப்பானது. டெண்ட்ராந்திமா என்று அச்சிட்ட பழைய கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அப்பெயரைத் திருத்த வேண்டியதில்லை. முதன்முறை வரும் இடத்தில் இன்றைய பெயரைப் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.